மலிவின் வரலாறு: பெங்களூரிலிருந்து நீலகிரிக்கு ஒரு பேருந்துப் பாதை

பருவத் தேர்வு முடிந்ததும் முதுகுப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீலகிரிக்குப் புறப்படுவது பெங்களூரு மாணவர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அரசுப் பேருந்து, பொதுவிடுதியில் ஒரு கட்டில், சாலையோரக் கடையில் தேநீர், எஞ்சியதெல்லாம் நடை. குறைந்த செலவில் குளிரையும் பசுமையையும் கண்டு திரும்பலாம். அவ்வாறு செல்லவிருக்கும் வரலாறு, சமூகவியல் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை இதில் தேட வேண்டாம். 'மலிவு' என்னும் சொல்லின் வரலாற்றையே இங்கு பேச விழைகிறேன்.

நீலகிரியில் நிலம், உழைப்பு, தேயிலை, ஓய்வு ஆகிய நான்கும் வெவ்வேறு காலங்களில் மலிவாகக் கிடைத்தன. இவற்றுள் எதுவும் இயற்கையாக மலிந்ததன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் தம் இடத்தைவிட்டு நகர்த்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது. இவ்வாதத்துக்கான சான்றுகள் பெங்களூரிலிருந்து மைசூரு, குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர், கூடலூர் வழியாக உதகைக்குச் செல்லும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சாலையின் இருமருங்கிலும் கிடக்கின்றன. ஆகவே கால வரிசையை விட்டுவிட்டு, பேருந்து செல்லும் ஊர் வரிசையிலேயே செல்வோம்.

1. பெங்களூரு

தேயிலை வரலாறு மலையில் தொடங்குவதாகவே நாம் எண்ணுகிறோம். தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் அமைப்பு வரலாறோ இந்நகரத்தில்தான் தொடங்கியது. 'உபாசி' எனச் சுருக்கமாக அறியப்படும் தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் ஐக்கிய சங்கம் 1893ஆம் ஆண்டு பெங்களூரில் உருவாயிற்று. குடகு, மைசூர், வயநாடு, நீலகிரி எனப் பிரிந்து கிடந்த காப்பி, தேயிலைத் தோட்டக்காரர்கள் ஒன்றுகூடுவதற்கு, இரயில் வசதியும் படைமுகாமும் இதமான தட்பவெப்பமும் கொண்ட பெங்களூரு ஏற்றதாக இருந்தது. சங்கத்தின் தலைமையகம் பின்னர் குன்னூருக்கு மாறியது.

அவர்களை ஒன்றுசேர்த்த கவலைகளுள் முதன்மையானது உழைப்பாளர் பற்றியது. சமவெளியில் மேஸ்திரி என்னும் இடைத்தரகர் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டுவார். முன்பணம் பெற்றவர் மலைக்கு வராமலிருந்தாலோ, வந்தபின் ஓடிப்போனாலோ முதலாளிக்கு இழப்பு. ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைக் குற்றவாளியாக நடத்த வகைசெய்த 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம் போதவில்லை என்று தோட்டக்காரர்கள் முறையிட்டுவந்தனர். அம்முறையீடுகளின் பின்னணியில்தான் 1903ஆம் ஆண்டு சென்னை மாகாணத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. வாங்கிய கடனைத் தீர்க்காமல் வேலையை விட்டு நீங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இச்சட்டத்தின்படி தொடர்ந்தது. 1920களின் பிற்பகுதியில்தான் அது நீக்கப்பட்டது. கடன் என்பது குடிமை வழக்காக இருக்கும் ஒரு நாட்டில், மலையேறியவனுக்கு மட்டும் அது குற்ற வழக்கு. 'மலிவான உழைப்பு' என்று பொருளியல் நூல்கள் குறிப்பிடுவதன் சட்ட வடிவம் இதுதான்.

2. ஸ்ரீரங்கப்பட்டணம்

மைசூரு செல்லும் சாலை ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிச் செல்கிறது. 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்ததைத் தொடர்ந்து நீலகிரி கும்பினியாரின் கைக்குப் போனது. வெற்றி பெற்ற படை இத்தீவில் நெடுங்காலம் தங்க இயலவில்லை. காய்ச்சல் படைவீரர்களை வாட்டியது. எனவே 1809இல் படைமுகாம் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. நாம் இன்று 'கண்டோன்மென்ட்' என்று சொல்லும் பகுதியின் தோற்றம் அது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலுள்ள பெங்களூரு முதல் புகலிடம் என்றால், 2,200 மீட்டருக்கு மேலுள்ள உதகை அதற்கு அடுத்த புகலிடம். குளிர்ச்சி என்பது அக்காலத்தில் பொழுதுபோக்குப் பொருளாக இருக்கவில்லை. பேரரசின் உடல்நலத்துக்கான மருந்தாகவே அது கருதப்பட்டது.

இத்தீவுக்கும் உதகைக்கும் கண்ணுக்குப் புலப்படும் ஓர் இணைப்பும் உண்டு. 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட உதகை புனித ஸ்தேவான் ஆலயத்தின் பெருமரங்கள் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவை என்பது மாவட்ட வரலாறுகளில் பதிவான செய்தி. ஆலயத்துக்குள் செல்பவர்கள் தலையை நிமிர்த்தி அந்த உத்தரங்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

3. சாமராஜநகரின் கல்வெட்டு

குண்டுலுப்பேட்டை நோக்கிப் பேருந்து திரும்பும்போது கிழக்கே சாமராஜநகரம் இருக்கிறது. போசள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசமய்யா தோதவர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டதாகக் கூறும் கி.பி. 1117ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு அங்குள்ளது. தோதவர்களைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றாக இதைக் கருதுகின்றனர். "1819இல் ஜான் சல்லிவன் நீலகிரியைக் கண்டுபிடித்தார்" என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும்போது இந்தக் கல்வெட்டை மறந்துவிடுகின்றன. கண்டுபிடிப்பு என்று சொல்லப்படுவதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே அம்மலைக்கும் அதன் மக்களுக்கும் கன்னட மண்ணில் எழுதப்பட்ட பெயர்கள் இருந்தன.

படகர்களையும் இங்கு நினைக்க வேண்டும். 'வடக்கிலிருந்து வந்தோர்' என்னும் பொருள்படும் அப்பெயரே ஓர் இடப்பெயர்வின் பதிவு. மைசூர் நாட்டுப் பகுதியிலிருந்து மலையேறிய மக்களாக ஆய்வாளர் பலரும் அவர்களைக் கருதுகின்றனர். அவர்கள் பேசும் படகு மொழி கன்னடத்துக்கு நெருங்கியது. ராகியும் சாமையும் விளைவித்த அவர்கள் பின்னர் உருளைக்கிழங்குக்கும் அதன்பின் தேயிலைக்கும் மாறினர். ஆகவே இப்பாதை பெங்களூரு மாணவர்களுக்கு முன்பே பலரும் ஏறிய பாதை.

4. கூடலூர்

பந்திப்பூர்க் காட்டைக் கடந்து தெப்பக்காடு வழியாகக் கூடலூரை அடைகிறோம். பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்க. பெரும்பாலான பயணிகள் கூடலூரில் தேநீர் அருந்திவிட்டு மேலே ஏறிவிடுவர். எனது மதிப்பீட்டில், முழுப் பாதையிலும் ஆய்வாளர் இறங்கியே ஆக வேண்டிய ஊர் இதுதான்.

இது முன்பு மலபாரின் வயநாட்டைச் சேர்ந்த பகுதி. 1877இல் நீலகிரியோடு இணைக்கப்பட்டது. நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்மம் உரிமையில் இருந்தது. அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டங்கள் எழுந்தன. 1880ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் தங்கம் இருக்கிறதென்று இலண்டனில் பெரும் பங்குச் சூதாட்டமே நடந்து, சில ஆண்டுகளில் சரிந்தது. எஞ்சிய நிலத்தில் காப்பியும் தேயிலையும் பரவின. அந்நிலத்திலேயே வாழ்ந்த பணியர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகியோருக்கு எந்த ஆவணத்திலும் உரிமை இல்லை.

1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டம் இந்தச் சிக்கலைத் தீர்க்க முற்பட்டது. அச்சட்டத்தின் வன நிலம் தொடர்பான பகுதி செல்லாது என 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1974இல் சட்டம் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அவ்வாறு சேர்த்தது செல்லுமா என்ற வினாவே ஐ.ஆர். கோயலோ வழக்காக வளர்ந்து, 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வின் புகழ்பெற்ற தீர்ப்பில் முடிந்தது. இந்திய வனச் சட்டத்தையே மாற்றியமைத்த கோதவர்மன் வழக்கும் 1995இல் இப்பகுதிக் காடுகளின் அழிவைக் குறித்த மனுவாகவே தொடங்கியது. சட்டக் கல்லூரி வகுப்பறைகளில் ஓதப்படும் இரு பெருவழக்குகள் இந்தச் சிறு தாலுகாவின் மண்ணிலிருந்து கிளைத்தவை. எனினும் யார் எங்கே குடியிருக்கலாம் என்ற அடிப்படைக் கேள்விக்கு இங்குள்ள பல குடும்பங்களுக்கு இன்றும் உறுதியான விடை கிட்டவில்லை.

பழங்குடி மக்கள் வெறுமனே காத்திருக்கவும் இல்லை. ஆதிவாசி முன்னேற்ற சங்கம் 1988இல் கூடலூரில் பெரும் நில உரிமைப் பேரணியை நடத்தியது. அதையொட்டிய ஆண்டுகளில், தம் நிலத்தைப் பிறர் கைப்பற்றாதிருக்க அவர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று அதில் தேயிலை நடுவது. தங்களை வெளியேற்றிய அதே செடியைத் தங்கள் உரிமைக்கு எல்லைக் கல்லாக ஊன்றினார்கள்.

5. தாயகம் திரும்பியோர்

கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரிப் பகுதிகளில் வாழும் இன்னொரு மக்களை உள்ளூரார் இன்றும் 'சிலோன்காரர்' என்றே குறிப்பிடுவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், இலைத்துரு நோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையொப்பமான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவர்கள் யாருடைய விருப்பமும் ஒப்பந்த மேசைக்கு வரவில்லை.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு இம்மக்களை ஏற்றிச்சென்ற இரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வழங்கிற்று. கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கி மண்டபம் முகாமில் தங்கினர். முன்பு இலங்கைக்குச் செல்லும் கூலிகளை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே மண்டபம். பாட்டன் போகும்போது நின்ற வரிசையில் பேரன் திரும்பும்போது நின்றான்.

இவர்களுக்கு வேலை அளிப்பதற்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976 முதல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, மக்கள் வழக்கில் 'டேன்டீ'யாக இயங்கிவருகிறது. சிலர் கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டத்து அரசு இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்தில் மலையகத் தமிழைக் கேட்கும் பெங்களூரு மாணவர் வியப்படைய வேண்டியதில்லை.

இது முடிந்துபோன கதையும் அன்று. இழப்பில் இயங்கிய கழகத்தின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பி அளிக்க 2022இல் தமிழக அரசு ஆணையிட்டது. காட்டை மீட்பது நல்ல நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்டை அழித்துத் தேயிலை நடுவதற்கென்றே அழைத்துவரப்பட்டவர்கள், பணி ஓய்வுக்குப் பின் லைன் வீட்டை விட்டால் போவதற்கு வேறு இடமற்றவர்கள், அந்நோக்கத்தின் விலையைச் செலுத்த நேருமோ என்ற அச்சம் அங்கு பரவலாக எழுந்தது. மூன்று தலைமுறைகளில் மூன்றாவது முறையாக 'உன் இடம் எது?' என்ற கேள்வி.

6. நடுவட்டம்

கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறும் வழியில் நடுவட்டம். பழைய சிறைக் கட்டடம் ஒன்று இங்கு இருக்கிறது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து சின்கோனாச் செடிகளைத் திரட்டிக் கொண்டுவந்தார். உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் மெக்ஐவரின் பொறுப்பில் அவை நீலகிரியில் பயிராக்கப்பட்டன. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவை இதன் பட்டையிலிருந்தே எடுத்தனர். தோட்ட வேலைக்குக் கூலியாட்கள் போதாதபோது, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணத்துக்கு நாடுகடத்தப்பட்ட சீனக் கைதிகளைப் பயன்படுத்தினர். விடுதலைக்குப் பின் அவர்களுள் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து இப்பகுதியிலேயே தங்கினர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் அக்குடும்பங்களைப் பற்றிய குறிப்பு உண்டு. அவருடைய நோக்கம் மண்டை ஓட்டையும் மூக்கையும் அளப்பது. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அக்குறிப்பின் இடைவெளிகளிலிருந்துதான் நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இம்மலைச் சரிவில் காய்ச்சலின் வரலாறு இன்னொருமுறை பெங்களூரைத் தொடுகிறது. பெங்களூரில் காலராத் தடுப்புப் பணியில் இருந்த ரொனால்டு ராஸ் 1897இல் உதகைக்கு விடுப்பில் வந்து, சீகூர்ச் சரிவில் மலேரியாவை ஆராய முற்பட்டுத் தாமே அந்நோய்க்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில் அவரது கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

7. உதகையும் குன்னூரும்

கோவை ஆட்சியர் சல்லிவன் 1820களில் உதகையில் கட்டிய கல்வீடு இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்ற விலையில் தோதவரிடமிருந்து அவர் நிலம் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. நிலத்தின் மலிவு அங்கே தொடங்கியது. அதே சல்லிவன் பிற்காலத்தில் தோதவரின் நில உரிமைக்காக அரசோடு வாதாடியவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1827 முதல் 1832 வரை சென்னை ஆளுநராக இருந்த லஷிங்டன் இவ்வூரை ஐரோப்பியரின் நலவாழ்வு நகராக வளர்ப்பதிலேயே முனைந்தார். தோதவரின் எருமை மேய்ந்த புல்வெளி காலப்போக்கில் 'தரிசு' என்று வகைப்படுத்தப்பட்டது. ஒரு சொல் மாறியதால் ஒரு மக்களின் நிலம் மாறியது.

நோய் விடுப்பில் வந்த இளம் அதிகாரிகள்தாம் ஒருவகையில் இம்மலையின் முதல் சிக்கனப் பயணிகள். 1847இல் இவ்வாறு வந்த ரிச்சர்டு பர்ட்டன் 1851இல் தம் பயண நூலை வெளியிட்டார். அவரைப் போன்றோர் எழுதியதால் அவர்களின் சலிப்பு கூட ஆவணமாயிற்று. அவர்களின் பெட்டிகளைச் சுமந்து மலையேறியோரின் களைப்பு எங்கும் ஆவணமாகவில்லை.

தேயிலை 1830களில் சோதனைப் பயிராக நுழைந்தது. மருத்துவர் கிறிஸ்டி குன்னூர்ப் பக்கம் அதற்கான சூழலைக் கண்டு சீனத்திலிருந்து செடிகளை வரவழைக்க ஏற்பாடு செய்தார். அவர் மறைந்தபின் அவை மலையின் பல பகுதிகளில் நடப்பட்டன. 1835இல் கேத்திச் சோதனைப் பண்ணையிலும் முயன்றனர். 1850களில் குன்னூரிலும் தியாசோலையிலும் அது வணிகப் பயிராயிற்று. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் இரயில் வந்தது. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. முன்பதிவு இல்லாத பயணச்சீட்டுக்கு விடியலில் வரிசையில் நிற்பவர்கள், இக்குகைகளைக் குடைந்த கைகளுக்கு ஒரு கல்வெட்டும் இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடைபெறுகிறது. 1990களின் இறுதியில் விலை சரிந்தபோது அதன் சுமை முதலில் விழுந்தது சிறு விவசாயியின் பச்சைத் தேயிலை மீதுதான். நாம் மலிவாகக் குடிக்கும் குவளையில் அக்கணக்கும் கலந்திருக்கிறது.

8. ஆய்வு மாணவர்களுக்கு

2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் தனி வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் தேவை. அரசுப் பேருந்தில் செல்வோருக்குத் தேவையில்லை. சிக்கனப் பயணத்தின் பயன் இதோடு முடிவதன்று. வாடகைக் காரில் செல்பவர் காட்சி முனைகளுக்கு மட்டுமே போகிறார். உள்ளூர்ப் பேருந்தில் செல்பவரின் அருகில் தேயிலை பறித்துவிட்டுத் திரும்பும் ஒரு முதியவள் உட்காருகிறாள். அவளிடம் அனுமதி கேட்டு, பொறுமையாகப் பேச முடிந்தால், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்காத ஒரு சான்று நமக்குக் கிடைக்கும்.

இதில் அவசரமும் உண்டு. 1970இல் இருபது வயதில் மண்டபத்தில் இறங்கியவர் இன்று எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார். அழுகைக் கோச்சியை நேரில் கண்டவர்களின் தலைமுறை நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கிறது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யும், வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதி 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்த நாவலும் தோட்ட வாழ்வைப் பதிவு செய்தன. திரும்பி வந்தோரின் நீலகிரி வாழ்வைப் பற்றி, ஊர் ஊராகத் தொகுத்த வாய்மொழி வரலாறு நமக்கு வேண்டும். தமிழும் கன்னடமும் அறிந்தவர் பலர் பெங்களூரு மாணவரிடையே இருக்கிறார்கள். படகு மொழியைப் பின்தொடரவும், கூடலூரையும் சுள்ளியாவையும் ஒரே ஆய்வில் இணைக்கவும் அவர்களால் இயலும்.

பெரிய நல்கை எதுவும் வேண்டாம். ஒரு குறிப்பேடு, ஒலிப்பதிவுக்கு ஒரு கைப்பேசி, பேருந்துக் கட்டணம் போதும். அடுத்த விடுமுறையில் உதகைக்குச் சீட்டெடுப்பவர்கள் கூடலூரிலேயே இறங்கி ஓரிரு நாள் தங்குங்கள்.